மாலைதீவுக்குப் போக நினைக்கும் மன்னார்ப் பையனும் பின்லாந்தின் சமி ஹூப்பியாவும்

பெரும்போகம் வெட்டி முடிந்து, கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல்கள் காய்ந்து கிடந்த நாட்களில் என் ராத்தாவின் மகன் ஒரு செய்தியோடு வந்தான். மாலைதீவில் உள்ள ஒரு கழகம் அவனை ஒரு மாதம் கூப்பிட்டு வைத்துப் பார்க்கப் போகிறதாம். ஆட்டம் பிடித்தால் ஒரு பருவத்துக்கு ஒப்பந்தம் போடுவார்களாம். அவனுக்கு வயது 19. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறான். ஆடுவது பின்களத்தின் நடுவில்.

ராத்தா ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். "மாலைதீவா? மன்னார்ப் புள்ளைக்கு அங்க நடந்தது தெரியாதா உனக்கு?"

அவர் சொன்னது டக்சன் பியூஸ்லஸை. உதைபந்தாட்டம் பார்க்காத வீடுகளிலும் மன்னார் மாவட்டத்தில் அந்தப் பெயர் தெரியும். எங்கள் மாவட்டத்திலிருந்து போய் இலங்கைத் தேசிய அணியின் பின்களத்தில் நின்றவர். மாலைதீவில் டி.சி. கழகத்துக்கும் பின்னர் வலென்சியா கழகத்துக்கும் ஆடியவர். 2022 பெப்ரவரி இறுதியில், 31 வயதில், மாலேயில் தங்கியிருந்த இடத்தில் இறந்து கிடந்தார் என்ற செய்தி வந்தது. அது எப்படி நடந்தது என்பது பற்றி அன்று ஆளுக்கொரு கதை உலாவியது. அந்தக் கதைகளை இங்கே திரும்பக் கிளற நான் விரும்பவில்லை. ஒரு தாய் தன் மகனை அனுப்பப் பயப்படுவதற்கு அந்த மரணம் ஒன்றே போதும். அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவும் இல்லை.

மருமகன் என்னிடம் கேட்டது வேறு கேள்வி. "எங்கட மாதிரி சின்ன ஊர்ல இருந்து போய்ப் பெரிய டிபென்டர் ஆன ஆள் யாராச்சும் இருக்கா மாமா?"

இருக்கிறார் என்றேன். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் பையன்களும், இதே பயத்தோடு இருக்கும் ராத்தாமாரும் எங்கள் ஊர்களில் இன்னும் பலர்.

2005 மே மாதம் நான் புத்தளத்தில் இருந்தேன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது 10 வயதில் போனவன், 25 வயதிலும் அங்கேதான். இஸ்தான்புல்லில் நடந்த சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியை நள்ளிரவு தாண்டி ஒரு தேநீர்க் கடையில் பார்த்தோம். இடைவேளையில் ஏசி மிலான் 3, லிவர்பூல் 0. பாதிப்பேர் எழுந்து படுக்கப் போய்விட்டார்கள். இருந்தவர்கள் பார்த்தது உலகமே இன்னும் பேசுகிற ஆட்டம். ஆறு நிமிடங்களில் மூன்று கோல்கள், பிறகு மேலதிக நேரம், பிறகு பெனால்டி. கோப்பை லிவர்பூலுக்கு. எல்லோரும் ஜெராட்டைப் பேசினார்கள், கோல்காப்பாளர் டூடெக்கைப் பேசினார்கள். அந்த 120 நிமிடமும் பின்களத்தின் நடுவில் நின்ற, ஆறடிக்கு மேல் உயரமான, வெள்ளை முடிக்காரரைப் பற்றி அந்தக் கடையில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்தான் சமி ஹூப்பியா.

பின்லாந்தை நாங்கள் நொக்கியா தொலைபேசியால் அறிந்திருந்தோம். உதைபந்தாட்டத்துக்கு அது பெயர்போன நாடல்ல. சனத்தொகை சுமார் 55 லட்சம், இலங்கையின் நான்கில் ஒரு பங்கு. வருடத்தில் பல மாதங்கள் மைதானம் பனியில் கிடக்கும். அங்கே ஐஸ் ஹொக்கிக்குத்தான் மவுசு அதிகம். ஹூப்பியா 1973இல் போர்வோ என்ற நகரில் பிறந்தவர். வளர்ந்தது வொய்க்கா என்ற சிற்றூரில், ஒரு கடதாசி ஆலையை நம்பி வாழ்ந்த ஊர் அது. எங்களுக்குக் குளமும் வயலும் மாதிரி அவர்களுக்கு ஆலை. அந்த ஆலையும் 2006இல் மூடப்பட்டுவிட்டது.

தாய் தந்தை இருவருமே பந்து விளையாடியவர்கள். ஆனால் அவருடைய பாதையைப் பார்த்தால் வீட்டைவிட, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கழகங்கள்தான் பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது. ஊரில் சிறுவர்களுக்கான ஒரு கழகம். அதற்கு மேலே சிறிய பிரிவில் ஆடும் இன்னொரு கழகம். அதற்கும் மேலே, கொஞ்சத் தூரத்தில், மியூல்லிகொஸ்கி என்ற இன்னொரு ஆலைக் கிராமத்தில் நாட்டின் முதல் பிரிவில் ஆடும் 'மைபா'. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்துக்குள் மூன்று படி இருந்தது. 1992இல் அந்த மூன்றாவது படியில் ஏறினார். அந்த வருடமே கழகம் பின்லாந்துக் கிண்ணத்தை வென்றது. அந்த அணியில் கூட ஆடிய ஒருவர் ஜாரி லிட்மனென், பின்னர் அஜக்ஸ் கழகத்தில் ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வைத்தவர். ஒரு கிராமத்துக் கழகத்தில் ஒரே நேரத்தில் இப்படி இரண்டு பேர்.

1995இல் இங்கிலாந்தின் நியூகாசில் கழகம் அவரைக் கூப்பிட்டுப் பார்த்தது. பார்த்துவிட்டு வேண்டாம் என்று அனுப்பியது. மருமகனிடம் இந்த இடத்தைச் சொன்னபோதுதான் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரு மாதம் பார்ப்பது, பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவது எல்லாம் இந்தத் தொழிலில் இருப்பதுதான்.

திரும்பி வந்தவருக்கு ஆட இடம் இருந்தது என்பதுதான் இதில் முக்கியம். அந்த வருடமும் மைபா கிண்ணத்தை வென்றது. அதே 1995இல் நெதர்லாந்தின் வில்லம் கழகம் அவரை எடுத்தது. வில்லம் பெரிய கழகமல்ல. அஜக்ஸ், பி.எஸ்.வி., பெயனூர்ட் என்ற மூன்று பேருக்கும் கீழே எங்கோ நிற்கிற கழகம். அந்த வருடத் தொடக்கத்தில்தான் பின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்திருந்தது. வருடக் கடைசியில் பொஸ்மன் வழக்கின் தீர்ப்பு வந்து, ஒன்றிய நாட்டு வீரர்களுக்கு இருந்த வெளிநாட்டவர் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டை உடைத்தது. திறமை அவருடையது, கதவைத் திறந்தது சட்டம். எங்கள் பிள்ளைகளுக்குத் திறமை இல்லை என்று பேசுகிறவர்கள் கதவுகளையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான்கு பருவங்கள் நெதர்லாந்தில். கடைசிப் பருவமான 1998-99இல் வில்லம் நாட்டின் இரண்டாம் இடத்துக்கு வந்து சம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றது. அந்தக் கழகத்துக்கு அது கனவிலும் வராத இடம். அப்போதும் பெரிய கழகங்களின் கண் அவர்மேல் பெரிதாக விழவில்லை. ஐரோப்பிய ஆட்டங்களைப் படம்பிடிக்கும் ஒரு தொலைக்காட்சிக் கமராக்காரர்தான் லிவர்பூல் நிர்வாகி பீட்டர் ரொபின்சனிடம் இந்தப் பெயரைச் சொன்னார் என்பது அங்கே பல முறை சொல்லப்பட்ட கதை. 1999இல் 26 லட்சம் பவுண் கொடுத்து எடுத்தார்கள். அந்தச் சந்தையில் அது சில்லறைக் காசு. வந்த அன்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் "இவர் யார்?" என்றுதான் கேட்டன. வயது 25.

25. இந்த எண்ணை மருமகனிடம் இரண்டு தடவை சொன்னேன். 19 வயதில் ஹூப்பியா தன் மாவட்டத்துக் கழகத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தார்.

இங்கே பின்கள வீரன் என்ன செய்கிறான் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் ஓடத் தெரிந்தவனை முன்னால் விடுவோம், உயரமானவனைப் பின்னால் நிறுத்துவோம், குண்டாக இருப்பவனைக் கோலில் விடுவோம். பின்களம் என்றால் வருகிற பந்தைத் தூரத்துக்கு உதைப்பது என்று நினைக்கிறோம். அது பாதிகூட இல்லை.

குளக்கட்டைக் காவல் பார்க்கிற ஆளை நினைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் அவர் தண்ணீரோடு மல்லுக்கட்டுவதில்லை. எந்த இடத்தில் கட்டு மெலிந்திருக்கிறது, எந்தத் துருசை எப்போது திறக்க வேண்டும், அருவியாற்றில் எவ்வளவு வருகிறது என்று முன்கூட்டியே பார்த்துவைத்திருப்பார். கட்டு உடைந்த பிறகு ஓடுகிறவர் காவல்காரர் அல்ல. பின்களமும் அப்படித்தான். ஹூப்பியா வேகமானவர் அல்ல. இங்கிலாந்தின் முன்கள வீரர்களில் பலர் அவரை ஓட்டத்தில் தாண்டக்கூடியவர்கள். ஆனால் பந்து எங்கே வரும் என்பதை அவர்களுக்கு இரண்டு நொடி முன்னால் அறிந்து அந்த இடத்தில் நிற்பார். ஆகவே ஓட வேண்டிய தேவை குறைவு, விழுந்து தடுக்க வேண்டிய தேவை குறைவு. அவர் உடை பெரும்பாலும் அழுக்கில்லாமல் இருக்கும். உடை அழுக்காகும் பின்கள வீரனைப் பார்த்தால் கூட்டம் கைதட்டும். ஆனால் விழுந்து தடுக்க வேண்டி வந்ததற்கு, அதற்கு முன் அவன் தவறான இடத்தில் நின்றதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று பேச்சு. பின்களத்தின் நடுவில் நிற்பவனுக்கு முழு மைதானமும் தெரியும். ஓஃப்சைட் கோட்டை நான்கு பேரும் ஒரே நேரத்தில் முன்னால் தள்ள வேண்டும், ஒருவன் பின்தங்கினாலும் எதிரி தப்பிவிடுவான். அதைச் சத்தம் போட்டு நடத்துவது அவன் வேலை. மருமகன் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல தலையடி, நல்ல இடதுகால். ஆனால் வாய் திறக்க மாட்டான். வீட்டில் திறக்கிற வாயில் பாதியையாவது மைதானத்தில் திற என்று சொல்லியிருக்கிறேன்.

இவை எதுவும் புத்தகத்தில் படித்து வருவதல்ல. ஆட்டத்தில் நின்று நின்றுதான் வரும். முன்கள வீரன் ஒரு நாளில் பெயரெடுக்கலாம், 20 வயதில் உச்சத்துக்குப் போகலாம். பின்கள வீரன் நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் தவறு செய்து, அந்தத் தவறுகளை ஞாபகம் வைத்து, 25 வயதுக்குப் பிறகுதான் முதிர்வான். லிவர்பூல் 1999இல் வாங்கியது ஹூப்பியாவின் உயரத்தை அல்ல, அந்த ஏழெட்டு வருட ஆட்டங்களை.

பலன் உடனே தெரிந்தது. 1998-99 லீக்கில் லிவர்பூல் வாங்கிய கோல்கள் 49. அவர் வந்த முதல் பருவத்தில் 30. அந்தப் பருவம் 38 லீக் ஆட்டங்களிலும் அவர் ஆடினார். பக்கத்தில் சுவிட்சர்லாந்தின் ஸ்தெபான் ஹென்சோ, அவரும் அதே வருடம் வந்தவர். 2001இல் லீக் கிண்ணம், எஃப்.ஏ. கிண்ணம், யூஃபா கிண்ணம் என ஒரே பருவத்தில் மூன்று. அந்த எஃப்.ஏ. கிண்ண இறுதியில் ஆர்சனல் அடித்த பந்தைக் கோல் கோட்டின் மேலேயே நின்று வெளியேற்றினார். கடைசியில் லிவர்பூல் 2-1 என வென்றது. வென்ற கோல்களை அடித்த மைக்கல் ஓவனின் பெயரில்தான் அந்த இறுதிப் போட்டி இன்றும் அழைக்கப்படுகிறது.

பிறகு அணித்தலைவர் ஆனார். 2003இல் அந்தப் பொறுப்பை எடுத்து இளம் ஜெராட்டிடம் கொடுத்தார்கள். முகத்தைத் தூக்கிக்கொண்டு போகாமல் அதே இடத்தில் நின்று ஆடினார். அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் நாங்கள் பார்த்த இஸ்தான்புல். 2008இல் சம்பியன்ஸ் லீக் குழுநிலைக்குப் பதிந்த பட்டியலில் அவர் பெயரே இல்லை. அதையும் தாங்கிக்கொண்டு அந்தப் பருவத்தை முடித்தார். பத்து வருடத்தில் 464 ஆட்டங்கள், 35 கோல்கள். 2009இல் ஜெர்மனியின் லெவர்குசன் கழகத்துக்குப் போய் 37 வயதுவரை ஆடினார். பயிற்றுவிப்பாளராக அதன்பின் லெவர்குசன், பிரைட்டன், சூரிச் என்று போனது பெரிதாகச் சொல்லும்படி அமையவில்லை.

அவருடைய வாழ்க்கையில் ஒரு குறை உண்டு. பின்லாந்துக்காக 105 ஆட்டங்கள் ஆடியும் ஒரு பெரிய தொடரில்கூட அவரால் ஆட முடியவில்லை. 2007 நவம்பரில் போர்த்துக்கலில் கடைசித் தகுதிகாண் ஆட்டம். வென்றால் 2008 ஐரோப்பியக் கிண்ணம். 0-0. பின்களம் ஒரு கோலும் விடவில்லை, ஆனால் முன்களமும் ஒன்று அடிக்கவில்லை. பின்லாந்து முதன்முதலாகப் பெரிய தொடரில் ஆடியது 2021 ஜூனில், அவர் ஓய்வுபெற்றுப் பத்து வருடம் கழித்து.

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம்.

மன்னாருக்கும் உதைபந்தாட்டத்துக்கும் உள்ள உறவை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தால் ஏதாவது ஒரு வெளியில் ஆட்டம் நடக்கும். கரையோரத்து மீன்பிடிக் கிராமங்களில் மணலில், கட்டுக்கரைப் பக்கம் வெட்டிய வயலில். டக்சன் பிறந்தது 1990. நாங்கள் ஊரைவிட்டுப் போன வருடம். அவர் பந்து பழகிய காலம் முழுக்க நாங்கள் புத்தளத்தில் பழகினோம். ஒரே மாவட்டத்துப் பிள்ளைகள் ஒரே மைதானத்தில் ஆடாமலே இருபது வருடம் போயிற்று. அவருக்கு எதிராக ஆடி அடி வாங்கியிருக்க வேண்டிய எங்கள் தம்பிமார் எத்தனை பேர் என்று சில நேரம் நினைப்பேன். அந்த இழப்பை எந்த மீள்குடியேற்றக் கணக்கிலும் யாரும் எழுதவில்லை.

அவர் தேசிய அணிவரை போனார். 2021 ஒக்டோபரில் மாலேயில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் முதல் ஆட்டம் பங்களாதேஷுடன். பெனால்டிப் பகுதிக்குள் பந்து கையில் பட்டதால் டக்சனுக்குச் சிவப்பு அட்டை, பங்களாதேஷுக்குப் பெனால்டி. தோப்பு பர்மன் அடித்தார், ஆட்டம் 0-1. அன்று இரவு முகநூலில் அவரைத் திட்டியவர்கள் எத்தனை பேர்! பின்கள வீரனின் விதி அது. 89 நிமிடம் அவன் சரியாக நின்றது ஒருவர் கண்ணிலும் படாது, ஒரு கை தூக்கியது எல்லோருக்கும் தெரியும். அதே தொடரில் இலங்கை, தரவரிசையில் நூறு இடங்களுக்குக் கிட்ட முன்னால் இருந்த இந்தியாவை 0-0 எனப் பிடித்து வைத்தது. அந்தப் பூஜ்ஜியத்தைப் போட்ட பின்களத்துக்கு யாரும் பாராட்டுக் கூட்டம் வைத்ததாக நினைவில்லை.

டக்சன் ஏன் மாலைதீவுக்குப் போனார்? ஹூப்பியா நெதர்லாந்துக்குப் போனதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான், அடுத்த படி அங்கே இருந்தது. மாலைதீவின் சனத்தொகை ஐந்து லட்சத்தைச் சுற்றி. ஆனாலும் தெற்காசியக் கிண்ணத்தை 2008இலும் 2018இலும் வென்ற நாடு. இரண்டு இறுதிகளிலும் தோற்றது இந்தியா. நாங்கள் கடைசியாக வென்றது 1995இல். அங்கே கழகங்கள் சம்பளம் கொடுக்கின்றன, லீக் நடக்கிறது. எங்கள் தேசிய அணியின் கோல்காப்பாளர் சுஜான் பெரேராவும் அங்கே ஆடியவர்தான்.

எங்கள் நாட்டில் அந்தப் படி எங்கே? தொழில்முறை லீக் என்று 2021இல் சுப்பர் லீக் தொடங்கியது, பத்துக் கழகங்கள், முதல் சம்பியன் களுத்துறையின் புளூ ஸ்டார். நல்ல தொடக்கம் என்று நானும் சந்தோஷப்பட்டேன். 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்ட்வரை ஏழு மாதம் சர்வதேச ஆட்டம் ஒன்றும் இல்லை. நிர்வாகச் சண்டைக்கு நடுவில் 19 வயதுப் பையனுக்குப் போனது ஏழு மாதம். பின்கள வீரன் ஆட்டங்களில்தான் வளர்கிறான் என்று மேலே எழுதினேன். ஆட்டமே இல்லாத இடத்தில் அவன் எதில் வளர்வது?

மருமகன் போன வருடம் ஆடிய ஆட்டங்களை எண்ணச் சொன்னேன். விரல் விட்டு எண்ணினான். பதினொரு பேர் கொண்ட முழு ஆட்டம் 14. மற்றவை எல்லாம் ஏழு பேர் போட்டிகள், ஒரு நாளில் நான்கு ஆட்டம், இரவு வெளிச்சத்தில் பரிசுப் பணத்துக்கு. அந்தப் போட்டிகளை நான் குறை சொல்ல மாட்டேன், அவைதான் எங்கள் ஊர்களில் ஆட்டத்தை உயிரோடு வைத்திருக்கின்றன. ஆனால் ஏழு பேர் ஆட்டத்தில் ஓஃப்சைட் கோடு பழக முடியாது. பின்களத்து நால்வர் ஒன்றாக நகர்வதைப் பழக முடியாது. வருடத்துக்கு முப்பது முழு ஆட்டம் தருகிற ஒரு மாவட்ட லீக் இருந்தால் அவனை நானே இன்னும் இரண்டு வருடம் இங்கே நில் என்று சொல்லியிருப்பேன். இல்லாததால் சொல்ல முடியவில்லை. இதுதான் எனக்கு உள்ள சங்கடம்.

எங்கள் கழகங்களை நடத்துகிற பெரியவர்களுக்கும் ஒரு விஷயம். ஃபிஃபாவின் விதிகளில் பயிற்சி இழப்பீடு என்று ஒன்று இருக்கிறது. 12 வயதிலிருந்து 21 வயதுவரை ஒருவனைப் பயிற்றிய கழகங்களுக்கு, அவன் முதன்முதலாகத் தொழில்முறை வீரனாகப் பதியும்போது ஒரு தொகை சேர வேண்டும். பின்னர் காசு கொடுத்துக் கழகம் மாறினால் அந்தத் தொகையில் 5 சதவீதம் அவன் 12 முதல் 23 வயதுவரை ஆடிய கழகங்களுக்குப் பிரிந்து போக வேண்டும். ஆனால் எந்த வருடம் எந்தக் கழகத்தில் பதிவாகியிருந்தான் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். எங்கள் ஊர்க் கழகங்களில் எத்தனை பேர் பிள்ளைகளை முறையாகப் பதிகிறோம்? கொப்பியில் பெயரெழுதிச் சந்தா வாங்குவது பதிவல்ல. நாளைக்கு ஒருவன் பெரிய இடத்துக்குப் போனால், அவனை வளர்த்த கழகத்துக்குப் போஸ்டர் அடிக்கிற செலவு மட்டும்தான் மிஞ்சும்.

பையன்களுக்கும் ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் தராமல் வைத்திருந்தால், எழுத்தில் அறிவித்து 15 நாள் தவணை கொடுத்து, அதற்குப் பிறகும் தரவில்லையானால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேற வீரனுக்கு உரிமை உண்டு. கடன்பட்டாவது அங்கேயே கிடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வாய்ப்பேச்சில் போனவனுக்கு இந்த விதி உதவாது, கையெழுத்தான தாள் வேண்டும்.

ராத்தாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ஹூப்பியாவைப் பற்றிச் சொன்னபோது அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்ல முடியாது, அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். போகவே கூடாது என்பதிலிருந்து "பெறுபேறு வரட்டும், பொறகு பாப்பம்" என்ற இடத்துக்கு வந்திருக்கிறார். அது எனக்குப் பெரிய இறக்கம்தான்.

கழகத்துக்கு அனுப்ப நானும் மருமகனும் உட்கார்ந்து கேள்விகளை எழுதினோம். விமானச் சீட்டு இரண்டு பக்கத்துக்கும் யார் தருவது? அந்த ஒரு மாதத்தில் கால் உடைந்தால் வைத்தியச் செலவு யாருடையது? ஒப்பந்தம் போட்டால் எந்த மொழியில், எத்தனை மாதத்துக்கு, சம்பளம் எந்தத் தேதியில், எந்த வங்கிக் கணக்கில்? கடவுச்சீட்டு அவன் கையில் இருக்குமா, அவர்கள் கையிலா? எடுக்காவிட்டால் எந்தத் தேதிக்குள் திருப்பி அனுப்புவார்கள்? எழுதி முடித்து ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அவன் ராவைக்கு யாரோட தங்குவான்? ஆட்டம் தோத்து வந்தா அவனோட பேச ஆர் இருப்பாங்க?"

அது எங்கள் பட்டியலில் இல்லை. மருமகன் தாளை வாங்கி, முதல் கேள்விக்கு மேலே இருந்த இடைவெளியில் அதை எழுதினான்.